வலி: ஆம் / இல்லை

முசாஃபாவில், டயர்க் கடைக்கு மேல்மாடியில்
எங்கள் பல் ஆஸ்பத்திரி.
ஏசி நின்றால் ரப்பர் வாசம் படியேறி வரும்.
என் வேலை, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது.
டாக்டர் ஹனானின் ஆங்கிலத்தைத் தமிழாக்கி
நாற்காலியில் கிடப்பவர் காதில் போடுவதும்தான்.
அதற்குச் சம்பளம் கிடையாது.

இன்னாசி மூக்கையூர்க்காரர், ரிக்கர்.
செயின் பிளாக்கின் கொக்கி ஆடிவந்து
இடது தாடையை இரண்டாக்கியிருந்தது.
பெரிய ஆஸ்பத்திரியில் தகடு வைத்து, நான்கு திருகு முறுக்கி
மிச்சத்தைப் பார்க்க எங்களிடம் அனுப்பினார்கள்.
ஆறாவது வாரப் படத்திலும்
முறிவு கறுப்புக் கோடாகவே இருந்தது,
பென்சிலால் கீறி அழிக்க மறந்ததுபோல.

“வலிக்குதா அண்ணே?”
“சுத்தமா இல்ல சிஸ்டர். மாதா புண்ணியம்.
ஃபார்ம்லயும் இல்லைன்னுதான் டிக் அடிச்சேன்.”
சொல்லும்போதே கீழுதட்டோரம் எச்சில் வழிந்தது.
அவருக்குத் தெரியவில்லை.
சவரக்கத்தி வெட்டிய ரத்தம் காலரில் காய்ந்திருந்தது.
சாயா சுட்ட கொப்புளம் ஒன்று,
அறையில் கூட இருப்பவன் சொல்லித்தான் தெரிந்ததாம்.

டாக்டர் பேசினார். நான் தொடங்கி, நின்றுவிட்டேன்.
நியூரோபெப்டைடுக்கு என்னிடம் சொல் இல்லை.
அவர் அலெக்சாண்டிரியாக்காரர்.
பல்லில் இருக்கும் ‘ப’ அவர் உதட்டில் வராது,
அம்பில் இருக்கும் ‘ப’தான் வரும்.
தமிழில் குறித்துக்கொண்டேன்.
வித்தியாசம் காணாமல் போயிற்று.

பிறகு சொன்னேன்:
நரம்புங்கிறது வலியைத் தூக்கிட்டுப் போற கம்பி மட்டும் இல்லையாம்.
அது நுனியில ஏதோ சொட்டுமாம்.
ஒரு சொட்டு ரத்தத்தைக் கூப்பிடும்.
இன்னொண்ணு, எலும்பு கட்டுற செல்லை
இங்க வா, இங்க உட்காருன்னு இழுக்கும்.
உங்க நரம்பு நசுங்கிக் கிடக்கு அண்ணே,
சொட்டு விழல.

“ஃபோர்மேன் வராத சைட்டு” என்றார் இன்னாசி.
அதை ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் சிரித்தார்.

“அப்போ நிறையச் சொட்டினா நல்லதா?”
டாக்டர் கண்ணாடியை வலது பக்கம் நீட்டினார்.
இரண்டு வருஷக் காரை, மாதுளை நிறத்தில் ஈறு,
தொட்டால் ரத்தம்.
அங்கே அந்தச் சொட்டுக்கு ஓய்வே இல்லையாம்.
கூப்பிட்ட ரத்தம் வீடு திரும்பாமல்
ஈறு வீங்கி, வேரடி எலும்பு கரைந்துகொண்டிருந்தது.
இந்தப் பக்கம் பஞ்சம்,
நாக்குக்கு அந்தப் பக்கம் வெள்ளம்.

“மனுசனுக்கு எதுவுமே அளவா வராதா?”
இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அன்று ராத்திரி ஷாபியா அறையில்
என் கீழுதட்டைப் பல்லால் அழுத்திப் பார்த்தேன்.
சுரீரென்றது. உள்ளே ஏதோ சொட்டியிருக்கும்.
யாருக்கு என்ன சேதி போனதோ.

பதினான்காவது வாரம், இரவு பதினொன்றரைக்கு போன்.
“சிஸ்டர், உதட்டுக்குக் கீழ எறும்பு ஓடுது.
தண்ணி பட்டா சுள்ளுங்குது. ஏதும் கெட்டதா?”
குரலில் பயம்.
நல்லது அண்ணே, ரொம்ப நல்லது என்றேன்,
குழம்புக் கையோடு எழுந்து நின்று.

அந்தப் பக்கம் மாடிக் கட்டில் கிரீச்சிட்டது.
“நாளைக்கு ஃபார்ம் குடுக்கணும்.
வலி இல்லைன்னா கிரேனடிக்கு அனுப்புவான்.
ஆமான்னா அரைச் சம்பளம்,
இன்னும் ரெண்டு மாசம் ஆமான்னா டிக்கெட்.
எதை டிக் அடிக்க?”

டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று
சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை. லைனில் இருந்தோம்.
அவர் மெல்ல ஊதுவது கேட்டது.
சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தார்.
சூடு தெரிகிறது போலும்.